மந்திரத்துக்கு விலை குறிப்பது எப்படி: தகடூர் நாட்டில் நடக்கும் ஆட்டங்களுக்கு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான கதை ஆட்டத்துக்குச் சொந்தமாக மந்திரம் எழுத உட்காரும் கேம் மாஸ்டர்கள், அதாவது கதையை நடத்துபவர்கள், முதலில் பார்ப்பது டேமேஜைத்தான், எதிரிக்கு எவ்வளவு அடி விழும் என்பதைத்தான். எத்தனை டைஸ் என்று கூட்டிப் பார்த்து, அதிகம் என்று தோன்றினால் இரண்டைக் குறைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் மேசையைக் கெடுக்கும் மந்திரங்களில் டேமேஜால் கெடுப்பவை குறைவு. எதிரியின் முறையை (அவர் ஆட வேண்டிய வாய்ப்பை) பறிப்பவை, கூட விளையாடுபவரின் வேலையைப் பறிப்பவை, நான்கு வாரம் ஓட வேண்டிய கதையை ஒரே வரியில் முடித்துவிடுபவை, இவைதான் பெரும் தொல்லை. ஒரு மந்திரம் எதை முடித்துவைக்கிறது என்று பார்த்து அதற்கு விலை குறிக்க வேண்டும். டேமேஜ் அந்த விலையில் ஒரு பகுதிதான்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மேசைகளில் கதையை இந்த மண்ணிலேயே வைத்து ஆடுபவர்களை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. அதியமானின் தகடூர்க் கோட்டை, ஒகேனக்கல் பாறைப் பிளவுகள், தீர்த்தமலை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டை, தேன்கனிக்கோட்டைக் காடு எல்லாம் வரைபடத்தில் வந்துவிட்டால், புத்தகத்தில் இருக்கும் மந்திரங்களே வேறு மாதிரி நடந்துகொள்ளும். கணக்குகள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்தவை. அதன் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. அதிலுள்ள மந்திரங்களைத் தமிழில் மொழிபெயர்த்து, மாற்றி எழுதி, அச்சடித்துக்கூடக் கொடுக்கலாம். உரிமம் கேட்கும்படி மூலத்தைக் குறிப்பிட்டால் போதும்.

அளவுகோல்: போர்வீரரின் ஒரு முறை

மந்திரத்தை மந்திரத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் சேர்ந்து வீங்கிக்கொண்டே போகும். ஒப்பிட வேண்டியது செலவே இல்லாத ஒன்றோடு. ஐந்தாம் லெவல் போர்வீரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள்: வலிமை 18, இரு கை வாள், ஒரு முறைக்கு இரண்டு வெட்டு, தாக்குதல் போனஸ் +7. எதிரியின் ஏசி (அவர் மேல் அடி பட போனஸோடு சேர்த்து எட்ட வேண்டிய எண்) 15 என்றால் டி20-இல், அதாவது இருபது பக்க டைஸில், 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், 65 சதவீதம். ஒரு வெட்டு 2டி6+4 (ஆறு பக்க டைஸ் இரண்டின் கூட்டல், அதோடு 4), சராசரி 11. ஆக 11 × 2 × 0.65 = 14.3. 20 விழும்போது டைஸை இரட்டிப்பாக்கும் கிரிட்டிக்கலைச் சேர்த்தால் கொஞ்சம் ஏறும், அதை விட்டுவிடலாம். இந்த 14-ஐ அவர் காலையிலிருந்து இரவு வரை ஒரு ஸ்லாட்டும் (மந்திரம் போடுவதற்கான வாய்ப்பு) செலவழிக்காமல் கொடுப்பார்.

அதே லெவல் மந்திரவாதிக்கு முதல் லெவல் ஸ்லாட் 4, இரண்டாம் லெவல் 3, மூன்றாம் லெவல் 2. புத்தி 18 இருந்தால் சேவ் டிசி, அதாவது மந்திரத்திலிருந்து தப்ப எதிரி டி20-இல் எட்ட வேண்டிய எண், 15. எதிரிக்குச் சேவ் +2 என்றால் 13 அல்லது அதற்கு மேல் போட வேண்டும், 60 சதவீதம் தோற்பார். இனி வரும் கணக்கெல்லாம் இந்த 60-ஐ வைத்துத்தான்.

டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு தரும் வரம்பு இது. ஒருவரை மட்டும் தாக்கும் மந்திரத்துக்கு முதல் லெவலில் 2டி10, அடுத்து 3டி10, 5டி10, 6டி10, ஐந்தாம் லெவலில் 8டி10. பலரைத் தாக்கினால் 2டி6, 4டி6, 6டி6, 7டி6, 8டி6. சேவில் தப்பினால் பாதி என்பது இதற்குள் அடக்கம். தப்பினால் ஒன்றுமே இல்லை என்று எழுதினால் டேமேஜைக் கால் பங்கு ஏற்றிக்கொள்ளலாம். மூன்றாம் லெவல், ஒரே ஆள், 5டி10: சராசரி 27.5, சேவைக் கணக்கில் எடுத்தால் 22. போர்வீரரின் முறையைவிட ஒன்றரை மடங்கு. நாளைக்கு இரண்டே தடவை செய்யக்கூடிய ஒன்றுக்கு இது நியாயமான விலை.

பலரைத் தாக்கும் மந்திரத்தில் எத்தனை பேர் மாட்டுவார்கள் என்பதற்கும் அதே நூலில் ஒரு எளிய வழி உண்டு. வட்டம் என்றால் ஆரத்தை 5-ஆல் வகுக்க வேண்டும், கூம்பு என்றால் நீளத்தை 10-ஆல், நேர்கோடு என்றால் 30-ஆல். ஃபயர்பால் என்ற மூன்றாம் லெவல் நெருப்பு மந்திரத்தின் ஆரம் 20 அடி, ஆகவே 4 பேர். அதன் டேமேஜ் 8டி6, அதாவது அந்த நூலே சொல்லும் 6டி6 வரம்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆகையால் ஃபயர்பாலை அளவாக வைத்து உங்கள் மூன்றாம் லெவல் மந்திரத்தை எழுதாதீர்கள். அது விதிவிலக்கு. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதுவும் சோப்ளாங்கியாகத்தான் தெரியும், நீங்களும் ஏற்றிக்கொண்டே போவீர்கள்.

இந்த வகுத்தல் திறந்த வெளிக்குத்தான். கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு ஏறும் படிகளில் சண்டை வைத்தால் எதிரிகள் ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்கி வர முடியும். 60 அடி நேர்கோட்டு மந்திரத்தில் 2 பேர் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். அங்கே 6 பேர் மாட்டுவார்கள். மந்திரத்தைக் குறை சொல்வதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள். படியின் நடுவே ஒரு திருப்பத்தை வரைந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நண்பர்களை விட்டுவிட்டு எதிரிகளை மட்டும் தாக்கும் மந்திரம் என்றால் ஒரு லெவல் ஏற்றுங்கள். போர்வீரர் நடுவில் நிற்கும்போது போடத் தயங்குவதுதான் இந்த வகை மந்திரங்களின் உண்மையான செலவு. அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

முறையைப் பறிக்கும் மந்திரங்கள்

கட்டிப்போடுவது, மயக்குவது, பயமுறுத்தி ஓடவைப்பது. இவற்றில் டேமேஜ் பூஜ்யம் என்பதால் பலரும் சாதாரணமாக எழுதிவிடுகிறார்கள். பறிபோகும் முறைகளை எண்ண வேண்டும்.

எதிரி சேவில் தோற்கும் வாய்ப்பை ப என்று வையுங்கள். ஒவ்வொரு முறையின் முடிவிலும் மறுபடி சேவ் உண்டு என்றால், சராசரியாக அவர் இழக்கும் முறைகள் ப ÷ (1 − ப). ப 0.6 என்றால் ஒன்றரை முறை. மறு சேவ் கிடையாது, பத்து ரவுண்டு நீடிக்கும் என்று எழுதினால் 0.6 × 10 = 6 முறை. ‘ஒவ்வொரு முறையின் முடிவிலும் மறுபடி சேவ் போடலாம்’ என்ற ஒரு வரிக்கு நான்கு மடங்கு மதிப்பு இருக்கிறது. மந்திரம் எழுதும்போது மறந்துபோவதும் பெரும்பாலும் இந்த வரிதான்.

இதே சூத்திரம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். சேவ் டிசியை ஏற்றும் தாயத்து, மந்திரக்கோல், ஆசி எதையாவது கொடுத்தால் என்ன ஆகும்? டிசி 15 என்பது 17 ஆனால் ப 0.7 ஆகிறது, இழக்கும் முறைகள் 2.33. டிசி 18 ஆனால் ப 0.75, இழப்பது 3. டேமேஜ் மந்திரத்தில் +3 என்பது கொஞ்சம் உதவி. கட்டிப்போடும் மந்திரத்தில் அதே +3 பலத்தை இரட்டிப்பாக்குகிறது. தீர்த்தமலைச் சாமியாரிடம் வரம் வாங்கும் காட்சி உங்கள் கதையில் இருந்தால், டிசி தவிர வேறு எதை வேண்டுமானாலும் வரமாகக் கொடுங்கள்.

பறிபோகும் முறைக்கு என்ன மதிப்பு என்பது எதிரிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆறு பேரில் ஒருவரை முடக்கினால் எதிர்த் தரப்பின் பலத்தில் ஆறில் ஒரு பங்கு போகும். தனியாக நிற்கும் ராட்சசனை முடக்கினால் மொத்தமும் போகும். அதனால்தான் புத்தகத்தில் பெரிய எதிரிகளுக்கு, தோற்ற சேவை நாளைக்கு மூன்று தடவை வெற்றியாக மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அது வேலை செய்யும், ஆனால் மேசையில் கசக்கும். வீரர் தன் பெரிய ஸ்லாட்டைச் செலவழித்திருப்பார், ‘தப்பிவிட்டான்’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். ஒவ்வொரு மறுப்புக்கும் அந்த ராட்சசன் கண்ணுக்குத் தெரிகிற எதையாவது இழக்கட்டும்: 10 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), அல்லது ஏசியில் 1, அல்லது அவனைச் சுற்றியிருக்கும் காவல் வளையங்களில் ஒன்று. மறுப்பு அப்படியே இருக்கும், வீரரின் முறையும் வீணாகாது.

ஒரு மந்திரத்தைப் பிரித்துப் பார்ப்போம்

ஒகேனக்கல்லுக்கு ஏற்ற மாதிரி ‘காட்டாற்றுப் பாய்ச்சல்’ என்று ஒரு மூன்றாம் லெவல் மந்திரம் எழுதுகிறோம் என்று வையுங்கள். முதல் வரைவு இப்படி இருக்கும்: 60 அடி நீளம், 10 அடி அகலம் கொண்ட நேர்கோட்டில் வெள்ளம் பாயும். வலிமை சேவ். தோற்றால் 6டி6 டேமேஜ், 20 அடி பின்னால் தள்ளப்பட்டுக் கீழே விழுவார். தப்பினால் பாதி டேமேஜ் மட்டும்.

டேமேஜை மட்டும் பார்த்தால் குறையே இல்லை. 6டி6 வரம்புக்குள் இருக்கிறது. சராசரி 21, சேவோடு 16.8, இரண்டு பேருக்கு 33.6. போர்வீரரின் இரண்டேகால் முறைக்குச் சற்று மேல்.

இப்போது தள்ளப்பட்ட எதிரியின் முறைக்கு வாருங்கள். அவன் வேகம் 30 அடி. எழுந்து நிற்கப் பாதி வேகம், 15 அடி, போய்விடும். மிச்சம் 15. முன்பு பக்கத்தில், 5 அடியில் நின்றவன் இப்போது 25 அடி தள்ளி இருக்கிறான். மறுபடி வாள் எட்டும் தூரத்துக்கு வர 20 அடி நடக்க வேண்டும். 15 தான் இருக்கிறது. அவனால் அந்த முறை வெட்ட முடியாது. ‘முடங்கிப்போவான்’ என்ற சொல் மந்திரத்தில் எங்கும் இல்லை, ஆனாலும் அவன் முறை பறிபோய்விட்டது. சேவில் தோற்றவர்களுக்கெல்லாம் இது நடக்கும் என்றால், இரண்டு பேர் கணக்கில் 1.2 முறை. முந்தைய பகுதியில் பார்த்த ஒன்றரைக்கு மிக அருகில், அதுவும் முழு டேமேஜோடு சேர்த்து.

20 அடியை 15 ஆக்குங்கள். இப்போது அவன் 20 அடி தள்ளி இருக்கிறான், 15 நடந்தால் போதும், சரியாக எட்டிவிடுவான். ஐந்தே அடி குறைத்ததில் மந்திரம் வேறு வகைக்கு மாறிவிட்டது. நகர்த்தும், தடுக்கும் மந்திரம் எதை எழுதினாலும் இந்தக் கணக்கைப் போடாமல் விடாதீர்கள்: 30 அடி வேகம் கொண்டவன் தன் அடுத்த முறையில் திரும்பி வந்து வெட்ட முடியுமா?

அடுத்து இடம். விழுந்தால் 10 அடிக்கு 1டி6 என்பது விதி. ஒகேனக்கல் வரைபடத்தில் 60 அடிப் பாறை விளிம்பு இருந்தால், தள்ளுவதே இன்னொரு 6டி6. மந்திரத்தின் டேமேஜ் இரட்டிப்பாகிவிடும், அதை மந்திரவாதி முதல் சண்டையிலேயே கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்கட்டும், அந்த மகிழ்ச்சிக்காகத்தானே இந்த இடத்தில் ஆடுகிறோம். அதை ஒரேயடியாகத் தடுக்காமல், விளிம்பைத் தாண்டுபவருக்குப் பாறையைப் பற்றிக்கொள்ள ஒரு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவ் கொடுங்கள். தப்பினால் விளிம்பில் தொங்குவார், ஏறி வர அவர் வேகம் முழுவதும் செலவாகும். பரிசலில் நிற்பவர்களுக்குத் தனி வரி வேண்டும்; இல்லையென்றால் ஆளைத் தள்ளுமா, பரிசலைத் தள்ளுமா என்று அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். பரிசல் மொத்தமாக நகரும், உள்ளே இருப்பவர் விழமாட்டார் என்று எழுதுவது எளிது.

ஆக முடிவான வடிவம்: மூன்றாம் லெவல், 60 × 10 அடி, வலிமை சேவ், தோற்றால் 5டி6 (தள்ளலுக்கு விலையாக ஒரு டைஸ் குறைவு), 15 அடி தள்ளல், கீழே விழுதல், தப்பினால் பாதி டேமேஜ். விளிம்பில் பற்றிக்கொள்ளும் சேவ் உண்டு. ஸ்லாட் ஏறினால் ஒரு லெவலுக்கு 1டி6 கூடும், தள்ளும் தூரம் கூடாது. தூரத்தை ஏற விட்டால் நான்காம் லெவலிலேயே பழைய சிக்கல் திரும்பி வந்துவிடும்.

காவலும் வைத்தியமும்

இந்த மாவட்டங்களில் நடுகல் இல்லாத கதை எழுதுவது கடினம். ஆநிரை மீட்டு இறந்த வீரன் காவல் நிற்பதாக ஒரு மந்திரம் எல்லா மேசையிலும் வரும், அது ஏசியை ஏற்றும். ஏசியில் ஒன்று ஏறுவதன் மதிப்பு எப்போதும் ஒரே அளவு இல்லை. எதிரிக்கு +5 இருந்தால் ஏசி 15-இல் 55 சதவீதம் படும், 16-இல் 50. அதாவது படும் அடியில் பதினொன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஏசி 23-இல் 15 சதவீதம், 24-இல் 10. இங்கே மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. கவசமும் கேடயமும் போட்டு ஏற்கெனவே உயரத்தில் இருப்பவருக்கே நடுகல் காவலைப் போடுவார்கள், அதில்தான் லாபம். எனவே ‘ஏசி +2’ என்று எழுதுவதைவிட ‘ஏசி 16-க்குக் குறையாது’ என்று எழுதுங்கள். மெலிந்தவரைக் காக்கும், ஏற்கெனவே கல்லாக நிற்பவரை மலையாக்காது. கான்சன்ட்ரேஷனும் வையுங்கள், ஒரு நேரத்தில் அப்படிப்பட்ட மந்திரம் ஒன்றுதான் தாங்கும் என்பது இந்த விளையாட்டின் மிக நல்ல விதிகளில் ஒன்று.

வைத்தியத்தில் ஹிட் பாயிண்ட் எண்ணிக்கை ஏமாற்றும். பூஜ்யத்தில் விழுந்து கிடப்பவருக்கு 1 கொடுத்தாலும் அவர் எழுந்து முழு முறை ஆடுவார்; 20 கொடுத்தாலும் அதே ஒரு முறைதான். குட்பெரி என்ற முதல் லெவல் மந்திரம் பத்துப் பழம் தரும், பழத்துக்கு 1 ஹிட் பாயிண்ட். காகிதத்தில் பத்துதான், மேசையில் பத்து உயிர். அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியை வைத்து மந்திரம் எழுதுபவர்கள் இதே அச்சில் வார்த்துவிடுகிறார்கள். அந்தக் கனி ஒன்றே ஒன்று, யார் உண்பது என்பதில்தான் அதன் எடை. ஒரு கனி, ஒரு நீண்ட ஓய்வுக்கு ஒரு தடவை, பறித்தவர் தானே உண்ண முடியாது என்று எழுதினால் பலமும் கட்டுக்குள் இருக்கும், மேசையில் பேச்சும் பிறக்கும்.

தண்ணீர், சாப்பாடு, வழி

சண்டைக்கு வெளியே உள்ள மந்திரங்களுக்குக் கணக்கே போடுவதில்லை. வறண்ட நிலத்தில் கதை நடத்துபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். ‘தண்ணீரை உண்டாக்கும்’ முதல் லெவல் மந்திரம் 10 கேலன், சுமார் 38 லிட்டர் தரும். ஸ்லாட் ஒரு லெவல் ஏறினால் இன்னொரு 10 கேலன். ஐந்தாம் லெவல் பூசாரி தன் 4, 3, 2 ஸ்லாட்டுகள் அத்தனையையும் இதற்கே செலவழித்தால் 40 + 60 + 60, மொத்தம் 160 கேலன், ஏறக்குறைய 605 லிட்டர். ஆளுக்கு 3 லிட்டர் குடிதண்ணீர் என்றால் 200 பேர் உள்ள ஊருக்கு ஒரு நாளைக்குச் சரியாக இருக்கும். மாட்டுக்கு இல்லை, கேழ்வரகு வயலுக்கு இல்லை, அன்று சண்டை வந்தால் கையில் ஸ்லாட்டும் இல்லை. வறட்சிக் கதையை இந்த மந்திரம் உடைக்காது. பூசாரியை அந்த ஊரோடு கட்டிப்போடும். அதுவே நல்ல கதை.

ஆனால் ‘வற்றிய கிணற்றில் ஊற்று திறக்கும்’ என்று இரண்டாம் லெவலில் ஒருவர் எழுதிக்கொண்டு வந்தால் கதை அன்றோடு முடிந்தது. அளவு எழுதாத மந்திரம் எல்லாம் இப்படித்தான். லிட்டர், மணி நேரம், ஆள் எண்ணிக்கை என்று ஏதாவது ஒரு எண் இருக்க வேண்டும். எண் வைக்கவே முடியாத பெரிய காரியம் என்றால் அதைச் சடங்காக மாற்றுங்கள்: மூன்று இரவு, ஊரே கூட வேண்டும், ஒரு பொருளைத் தேடிக் கொண்டுவர வேண்டும். அந்தத் தேடலே உங்களுக்கு இரண்டு வாரம் ஓடும்.

ஓய்வு

மேலே போட்ட கணக்கெல்லாம் ஒரு நாளில் ஆறு முதல் எட்டு நடுத்தரச் சண்டைகள் வரும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. ஞாயிறு மதியம் நான்கு மணி நேரம் கூடும் மேசையில் இரண்டு சண்டைக்கு மேல் நடக்காது. மந்திரவாதி தன் பெரிய ஸ்லாட்டுகளை இரண்டிலும் கொட்டிவிடுவார், போர்வீரர் வேடிக்கை பார்ப்பார். பலர் இதைப் பார்த்து மந்திரங்களை வெட்டுகிறார்கள். வெட்ட வேண்டியது ஸ்லாட்டுகளைத் திரும்பத் தரும் ஓய்வை. குறு ஓய்வு எட்டு மணி நேரம், நீண்ட ஓய்வு ஏழு நாள் என்ற மாற்று விதி புத்தகத்திலேயே இருக்கிறது. நம் ஊருக்கு அதைச் சொல்வது இன்னும் எளிது: சந்தைக்குச் சந்தை. ஒரு வாரச் சந்தையில் கிளம்பினால் அடுத்த சந்தை வரை இதே ஸ்லாட்டுகள்தான். எட்டு மணி நேரம் நீடிக்கும் மந்திரங்கள் மட்டும் இந்த முறையில் அடிபடும். அவற்றை மூன்று நாள் என்று நீட்டிவிடுங்கள்.

சோதனை

எழுதிய மந்திரத்தை மேசைக்குக் கொண்டுவருமுன் தனியாக உட்கார்ந்து மூன்று சண்டை ஓட்டிப் பாருங்கள்: ஒரே பெரிய எதிரி, சம பலத்தில் நால்வர், பலம் குறைந்த பன்னிரண்டு பேர். மூன்றிலும் அதுவே சிறந்த தேர்வு என்றால் அது பலமானது. ஒன்றில் மட்டும் என்றால் சரியான இடத்தில் இருக்கிறது. ஒன்றிலுமே இல்லையென்றால் யாரும் எடுக்கமாட்டார்கள். டைஸ் போடும்போது எதிரி இழந்த முறைகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிராணிகளை வரவழைக்கும் மந்திரமானால் கூடவே கடிகாரத்தையும் பாருங்கள். எட்டு ஓநாய்களுக்கு எட்டுத் தடவை டைஸ் போட்டு முடிப்பதற்குள் மற்றவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். ஒரே ஓநாய், கொஞ்சம் பெரியதாக, என்று எழுதிவிடலாம்.

ஆட்டம் நடுவில் இருக்கும்போது ஒரு மந்திரம் அதிகம் என்று தெரிந்தால் அன்று அதை அப்படியே விடுங்கள். சண்டையின் நடுவே விதியை மாற்றினால் அந்த வீரர் தோற்றதாகவே உணர்வார். அடுத்த ஆட்டத்துக்கு முன், குழுவில் எல்லோருக்கும் தெரியும்படி இல்லாமல், அவரிடம் தனியாகப் பேசுங்கள். எந்த எண் மாறுகிறது, ஏன் என்று கணக்கோடு காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அதே லெவலில் வேறொரு மந்திரத்தை இலவசமாக மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லுங்கள். மாற்றிய வரியின் பக்கத்தில் தேதி போட்டு வையுங்கள், இரண்டு மாதம் கழித்து எது புதிய வடிவம் என்ற குழப்பம் வராது.